புது சிப்புக்கும் வந்தாச்சு

வாசகரே, இன்று உங்களுக்கு ஒரு பிராணியை அறிமுகம் செய்து வைக்கிறேன். அதைத் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் ஒன்று இருக்கும், உறவில் ஒன்று இருக்கும், குடியிருப்போர் சங்கத்தில் கட்டாயம் இரண்டு இருக்கும். ஒரு வேலை முடிவதற்கும், அது முடிந்துவிட்டது என்று சொல்வதற்கும் நடுவே கொஞ்சம் தூரம் உண்டல்லவா, அந்தத் தூரத்தை நடக்காமலே போய்ச் சேர்ந்துவிடுகிற பிராணி இது. லிஃப்ட்டைப் பழுது பார்த்துவிட்டுப் படியில் இறங்கிப் போவாரே, அவர். குழாய் ஒழுகுவதை அடைத்துவிட்டு, தண்ணீரைத் திறந்து பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்புவாரே, அவர். கூட்டத்துக்கு மைக்கைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, அதில் ஒரு 'ஹலோ'கூடச் சொல்லிப் பார்க்காமல், 'எல்லாம் ரெடி சார், நீங்க ஆரம்பிங்க' என்று தலைவர் காதில் ஓதிவிட்டு டீ குடிக்கப் போவாரே, அவரும்தான். இவர்களுடைய அகராதியில் இருப்பது ஒரே ஒரு சொல். ஆச்சு. பண்ணியாச்சு, குடுத்தாச்சு, அனுப்பியாச்சு, முடிச்சாச்சு. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அடுத்தவர் பாடு.

இந்த இனத்துக்குள் எத்தனையோ பிரிவுகள். அத்தனையையும் சொல்ல எனக்கு ஆயுசு போதாது. கணினிப் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நன்றாகக் கொழுத்த ஒன்று என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. அலுவலகத்தில் நாங்கள் அவரை 'வந்தாச்சு' என்றுதான் சொல்வோம். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவருக்கும் தெரியும், தெரிந்து அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எங்கள் அலுவலகம் டைல்ஸ் கடை ஒன்றுக்கு மேலே இருக்கிறது. இரண்டு அறை. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் முதலாளியும் ஏசியும். நாங்கள் செய்து விற்பது ஒரே ஒரு ப்ரோகிராம். தொண்டை அறுவை சிகிச்சையிலோ நோயிலோ குரலை இழந்தவர்களுக்கானது. அவர்கள் தட்டெழுதினால் கணினி பேசும். அறுவைக்கு முன்பே உட்கார்ந்து சில பக்கங்களைப் படித்துப் பதிவு செய்து வைத்துவிட்டால், அவரவர் சொந்தக் குரலிலேயே பேசும். நல்ல சரக்கு, அதில் குறை சொல்லக் கூடாது. அதை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். இப்போது அவ்வப்போது அதைப் புதுப்பித்து, இணையதளத்தில் ஏற்றி வைக்கிற பொறுப்பு வந்தாச்சுவுடையது. எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? ப்ரோகிராமை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கம் எழுதுவது. அதாவது யாரும் படிக்காததை எழுதிச் சம்பளம் வாங்குவது.

இப்படி நாங்கள் பாட்டுக்கு இருந்தபோதுதான் சந்தைக்குப் புது சிப் வந்தது. சிப் என்றால் கணினியின் மூளை. இத்தனை வருஷமாக எல்லா மெஷினிலும் ஒரே வகை மூளைதான் இருந்தது. இப்போது வந்தது வேறு வகை. வேகம் அதிகம், சூடு குறைவு, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்கத் தாங்கும். ஒரே ஒரு சங்கடம், அதன் பாஷை வேறு. பழைய சிப்புக்குச் செய்த ப்ரோகிராம் புதுசுக்கு ஒரு எழுத்துப் புரியாது. புதுசுக்குச் செய்ததும் பழசுக்குப் புரியாது. ஆகவே ப்ரோகிராம் எழுதி விற்கிறவர்கள் எல்லாரும் புது சிப்புக்கென்று தனியாக ஒரு ஃபைல் தயாரித்துத் தங்கள் தளத்தில் வைத்தாக வேண்டும். வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

வந்தாச்சுவுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். கரைத்துக் குடித்தவர். அலுவலகத்தில் எங்களுக்குச் சொன்னார், லிஃப்ட்டில் கூட வந்த டைல்ஸ் கடைக்காரருக்குச் சொன்னார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டருக்குச் சொல்லப் பார்த்தார். அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் உப்புக் கிண்ணத்தைப் பழைய சிப் என்றும் சர்க்கரைக் கிண்ணத்தைப் புது சிப் என்றும் வைத்துக்கொண்டு, "இதுல ஓடறது அதுல ஓடாது மாமா, அதுல ஓடறது இதுல ஓடவே ஓடாது" என்று அக்கா புருஷனுக்குப் பாடம் நடத்துவார். அக்கா புருஷன் பொறுமையாகத் தலையாட்டுவார். அவர் கணக்கு வாத்தியார், ஒரு தடவை சொன்னால் போதும். ஆனாலும் வந்தாச்சு மூன்று தடவை சொல்வார்.

வந்தாச்சுவின் உயிர் எதில் இருக்கிறது தெரியுமா? எங்கள் இணையதளத்தில் 'பதிவிறக்கம்' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் இருக்கும் பொத்தான்களில். வரிசையாகப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் ஒரு வகை மெஷினுக்கு. அந்த வரிசை நீள நீள அவருக்கு முகம் மலரும். போட்டிக் கம்பெனியின் பக்கத்தில் ஒரு பொத்தான் கூடுதலாக இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. புது சிப் வருகிறது என்று செய்தி வந்த அன்றே அதற்கு ஒரு பொத்தானை வரைந்து, நிழல் எல்லாம் கொடுத்து, எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று எங்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன வரும் என்று கேட்டதற்கு, "அது வரும், வரும்" என்றார். அறிவிப்பும் அப்போதே எழுதியாகிவிட்டது. 'இத்துறையில் முதன்முறையாக' என்று ஆரம்பிக்கும். வந்தாச்சு இனம் எப்போதுமே அறிவிப்பை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக வேலையைப் பிறகு தேடும்.

எங்களுடன் ஒரு பெண் வேலை செய்கிறார். ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவருடைய வேலை. நிறையக் கேட்பார் என்பதால் வந்தாச்சு அவருக்குக் 'கேள்வி மேடம்' என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்.

"சார், புது சிப் போட்ட மெஷின் ஒண்ணு வாங்கிக் குடுங்க. ஓட்டிப் பாத்துட்டு வெளியிடலாம்."

"எதுக்கு மேடம் வீண் செலவு? அதே சோர்ஸ், அதே ப்ரோகிராம். சும்மா திரும்ப பில்ட் பண்ணி ஃபைலை எடுத்தா போச்சு."

"இருந்தாலும் அதுல ஒரு தடவை பேசுதான்னு காதால கேட்டுடலாமே சார்."

"நீங்க கேள்வி கேட்டுக்கிட்டே இருங்க மேடம். போட்டிக் கம்பெனிக்காரன் அதுக்குள்ள பொத்தானைப் போட்டுட்டுப் போயிடுவான்."

'சும்மா' என்ற சொல்லைக் கவனித்தீர்களா? இந்த இனத்தை அடையாளம் காண இதைவிட நல்ல குறி கிடையாது. சும்மா ஒரு நிமிஷ வேலை, சும்மா ஒரு வரி மாற்றம், சும்மா திரும்பப் போட்டால் போதும். உலகத்தில் இடிந்த பாலங்களைத் தோண்டிப் பார்த்தால் அஸ்திவாரத்தில் ஒரு 'சும்மா' கிடக்கும் என்பது என் எண்ணம்.

வெளியிடுகிற நாள் வந்தது. சோர்ஸ் என்கிற மூலத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வகை மெஷினுக்கும் தனித்தனி ஃபைல் தயாரித்து, பெயரிட்டு, தளத்தில் ஏற்றிவிடுகிற மாதிரி ஒரு தானியங்கி ஏற்பாடு எங்களிடம் உண்டு. பழைய ஆள் செய்து வைத்துவிட்டுப் போனது. வந்தாச்சு அதைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் எழுத்து ஓடியது. நடுவில் கொஞ்சம் சிவப்பாக ஓடியது. அவர் சிவப்பைப் படிக்கிற வழக்கமில்லை, கடைசியில் பச்சையாக ஒரு வரி வந்தால் அவருக்குப் போதும். பச்சை வரி வந்தது. உண்மையில் நடந்தது என்னவென்றால், புது சிப்புக்கான ஃபைல் உருவாகவே இல்லை. அந்த ஏற்பாடு என்ன செய்யும், பாவம், இருக்கிற இடத்தில் கைக்குக் கிடைத்த பழைய சிப் ஃபைலை எடுத்து, அதற்குப் புது சிப்பின் பெயரை வைத்து ஏற்றிவிட்டது. உள்ளே பழைய சரக்கு, மேலே புது ஒட்டு.

சரி, அந்த மனுஷன் பார்க்கவே இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தார், வாசகரே. அன்றைக்கு என்ன தோன்றியதோ, வழக்கத்துக்கு விரோதமாக ஓட்டிப் பார்த்தார். புது சிப் என்று பெயர் போட்ட அந்த ஃபைலைத் தன் மேஜைமேல் இருந்த பழைய லேப்டாப்பில் இரண்டு தட்டுத் தட்டினார். ப்ரோகிராம் அழகாகத் திறந்தது. 'வணக்கம்' என்று எழுதினார். 'வணக்கம்' என்றது. அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மேடம், பேசிடுச்சு. காதால கேட்டாச்சா?" என்றார். கேள்வி மேடம் அன்றைக்கு விடுப்பு. அவருடைய காலி நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னார்.

கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கு ஏதாவது இடறுகிறதா? புது சிப்புக்குச் செய்தது பழைய மெஷினில் ஓடவே ஓடாது என்று ஊரெல்லாம் பாடம் நடத்தியவர் யார்? புது சிப்புக்குச் செய்ததைப் பழைய மெஷினில் ஓட்டிப் பார்த்து, ஓடுகிறது என்று கைதட்டியவர் யார்? அது ஓடாமல் இருந்திருந்தால்தான் சரியாக இருந்திருக்கும். ஓடியதுதான் தப்பு. உங்களுக்கு இடறியது. எனக்கும் இப்போது எழுதும்போது இடறுகிறது. வந்தாச்சுவுக்கு மட்டும் இடறவில்லை, ஏனென்றால் அவர் அதற்குள் அறிவிப்பை அனுப்பிக்கொண்டிருந்தார். முதலாளி வெளியே வந்து கை கொடுத்தார். எல்லாருக்கும் பிஸ்கட் வந்தது.

இனி அக்கா புருஷன் கதைக்கு வருகிறேன். கணக்கு வாத்தியார் என்றேன் அல்லவா, போன வருஷம் அவருக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. அறுவைக்கு முந்தைய வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஏசி அறையில் உட்கார்ந்து, தன் குரலைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போனார். நல்ல கனமான குரல், கடைசி பெஞ்சில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். அந்தக் குரலில்தான் வீட்டில் இருந்த பழைய லேப்டாப் அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தது. கைபேசியில் வேறு பேசும் ப்ரோகிராம்கள் இருக்கின்றன, இல்லாமல் இல்லை. ஆனால் அதில் யாரோ ஒருத்தி செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று அக்காவுக்குப் பிடிக்கவில்லை, வாத்தியாரும் அதைப் போட்டுக்கொள்ளவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் அவரைப் பாடம் எடுக்கவிடாமல் அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் விடவில்லை. மெஷினை வைத்துக்கொண்டு பாடம் எடுக்க முடியும் என்று நிர்வாகத்துக்கு எழுதி எழுதிக் கடைசியில் ஒரு வகுப்புக்கு அனுமதி வாங்கினார். எட்டாம் வகுப்பு, காலை பத்து மணி, நிர்வாகத்தார் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சரியாக வந்தால் பழையபடி வாத்தியார். வராவிட்டால் ஸ்டோர் ரூமில் நாற்காலி மேஜைக்குக் காவல். பழைய லேப்டாப்போ சார்ஜ் நிற்காமல் பாதி வாக்கியத்தில் அணைந்து தொலைக்கும். அதை நம்பி வகுப்புக்குள் போக முடியாது. என்ன செய்யலாம் என்று மைத்துனரைக் கேட்டார்கள்.

"புது சிப் மெஷின் வாங்குங்க மாமா. நாள் பூரா நிக்கும். நம்ம ப்ரோகிராம் அதுக்கு வந்தாச்சு," என்றார் வந்தாச்சு.

"நீ அதுல ஓட்டிப் பாத்தியாடா?" என்று அக்கா கேட்டார்.

"பேசிச்சு அக்கா. என் காதால கேட்டேன்."

இதில் பொய் இருக்கிறதா சொல்லுங்கள். இந்த இனம் பொய் சொல்வதில்லை. பேசியது உண்மை, காதால் கேட்டது உண்மை. எந்த மெஷினில் என்று மட்டும் சொல்லாது. அக்காவும் தம்பி பேச்சை நம்பினார், கூடப் பிறந்தவன் அல்லவா. பழசைக் கொடுத்தால் புதுசில் கொஞ்சம் தள்ளுபடி என்று கடைக்காரர் சொல்ல, "பழசை வெச்சு என்ன பண்ணப் போறீங்க, தள்ளிவிடுங்க" என்று அதற்கும் யோசனை சொன்னவர் இவரேதான். குரலை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு பழசைக் கடைக்காரர் தலையில் கட்டினார்கள். புது மெஷின் வீட்டுக்கு வந்தது. வாத்தியார் பொத்தானை அழுத்தினார், ஃபைல் இறங்கியது, திறந்தார். 'இந்த ப்ரோகிராம் இந்தக் கணினியில் இயங்காது' என்று திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

அக்கா போன் செய்தார். அப்போது வந்தாச்சு பேசியதை நான் பக்கத்து மேஜையிலிருந்து கேட்டேன். இந்த மாதிரி நேரத்தில் இந்த இனம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். முதலில், "ரீஸ்டார்ட் பண்ணு." பிறகு, "தப்பான ஃபைலை எடுத்திருப்பீங்க, அழிச்சிட்டு மறுபடி இறக்கு." பிறகு, "என் மெஷின்ல ஓடுதே அக்கா." பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "மாமா ஏதாவது கை வெச்சிருப்பாரு." கடைசியாக, "அந்தக் கடைக்காரன் உங்க காதுல பூ சுத்திட்டான், போய் நல்லாக் கேளு." அக்கா உண்மையாகவே கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் மெஷினைத் திறந்து பாட்டுப் போட்டுக் காட்டினார், படம் போட்டுக் காட்டினார். எல்லாம் ஓடியது. தம்பி கொடுத்தது மட்டும்தான் ஓடவில்லை.

வகுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தாச்சுவே நேரில் போனார். அங்கே நடந்ததைப் பிறகு அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் புது மெஷினுக்குப் பக்கத்தில் தன் பழைய லேப்டாப்பை வைத்தார். அதே பொத்தானை அழுத்தி, அதே ஃபைலை இறக்கி, இரண்டு தட்டுத் தட்டினார். திறந்தது. 'வணக்கம்' என்றது.

"பாருங்க மாமா. ஃபைல்ல ஒரு கோளாறும் கிடையாது. உங்க மெஷின்தான் சரியில்ல."

வாத்தியார் குரல் போன நாளிலிருந்து கையளவு வெள்ளைப் பலகை ஒன்றை வைத்திருக்கிறார். இரண்டு மெஷினையும் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பலகையில், வகுப்பில் எழுதுவதுபோலவே வரிக்கு வரி இடம் விட்டு எழுதினார்.

'புது சிப்புக்கான ஃபைல் பழைய மெஷினில் ஓடாது. நீ சொன்னது.

இந்த ஃபைல் பழைய மெஷினில் ஓடுகிறது. நீ காட்டியது.

ஆகவே இது புது சிப்புக்கான ஃபைல் இல்லை.'

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டுப் பலகையை மைத்துனர் பக்கம் திருப்பினார்.

வந்தாச்சு படித்தார். வேறு யாராக இருந்தாலும் முகத்தில் ஈயாடியிருக்காது. வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு, கேள்வி மேடத்தைக் கூப்பிட்டு, அந்த நிமிஷமே வேலையில் இறங்கியிருப்பார்கள். நம் ஆள் பலகையை மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் தியரி மாமா. நல்லா எழுதின ப்ரோகிராம் எங்க வேணாலும் ஓடும்."

அக்கா ப்ரோகிராம் தெரிந்தவர் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சரிடா, யார் மெஷின் சரியில்லையோ இருக்கட்டும். உன்னுதுல ஓடுதில்ல? அதைக் குடு. நாளைக்கு ஒரு நாள் மாமா அதை வெச்சுப் பாடம் எடுக்கட்டும்."

"எப்படி அக்கா? நாளைக்கு எனக்கும் பத்து மணிக்குப் பேச்சு இருக்கு. படமெல்லாம் இதுலதான் இருக்கு."

"என்னடா பேச்சு?"

"புது சிப்புக்கு நாங்க எப்படி மாறினோம்னு."

அக்கா, எதிர்வீட்டில் யாரிடமாவது பழைய மெஷின் இரவல் கேட்டுப் பார்க்கட்டுமா என்று எழுந்தார். வந்தாச்சு கையைப் பிடித்து உட்கார வைத்தார். "எதுக்கு அக்கா ஊரைக் கூட்டற? காலையில ஆபீஸ் போனதும் முதல் வேலை இதுதான். சும்மா திரும்பப் போட்டா போச்சு. பத்து மணிக்குள்ள வந்துடும், நீங்க பொத்தானை மட்டும் அழுத்துங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மறுபடியும் நம்பினார்கள். நம்பாமல் என்ன செய்வது, அந்த வீட்டில் கணினி படித்தவர் அவர் ஒருத்தர்தான்.

காலையில் அவர் ஆபீசுக்கே வரவில்லை. நேராகக் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஒரு ஓட்டல் மாடியில் எங்களைப் போன்ற சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள் கூடியிருந்தார்கள். முன் வரிசையில் எங்கள் முதலாளி, மூன்றாவது வரிசையில் நான். வந்தாச்சு நன்றாகவே பேசினார், வஞ்சனையில்லாமல் சொல்கிறேன். சவால் என்றார், பயணம் என்றார், பொத்தானைத் திரையில் ஆளுயரத்துக்குக் காட்டினார். அன்றைக்குப் பத்து மணிக்கு அந்த லேப்டாப் இரண்டு பேருக்குத் தேவைப்பட்டது. குரல் இருந்தவர் எடுத்துக்கொண்டார்.

அங்கே எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சார் குரல் திரும்பி வரப்போகிறது என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நன்றாகக் கேட்க வேண்டுமே என்று தலைமை ஆசிரியை ஃபேனைக்கூட நிறுத்தச் சொல்லிவிட்டார். வாத்தியார் பொத்தானை அழுத்தினார், திறந்தார், இயங்காது என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி அதே வரி. வராந்தாவில் நின்று அக்கா தம்பிக்குப் போன் மேல் போன் போட்டார். தம்பி மேடையில் ஏறும்போதே போனின் வாயை அடைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வாத்தியார் மெஷினை மூடி வைத்துவிட்டுச் சாக்பீசை எடுத்தார். எழுதி எழுதியே பாடம் நடத்தினார். பிள்ளைகள் சந்தேகம் கேட்டார்கள், ஒவ்வொன்றுக்கும் திரும்பி நின்று எழுதினார், எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நிர்வாகத்தார் கெட்டவர்கள் இல்லை. "சார் ரொம்பச் சிரமப்படுறாரு. ஸ்டோர்ல இருக்கட்டுமே, அலைச்சல் இல்லாம" என்று கனிவாகத்தான் சொன்னார்கள். கனிவாகச் சொன்னதை எதிர்த்து யாரும் வழக்காட முடியாது, அதுவும் பலகையில் எழுதி.

அடுத்த வாரம் கேள்வி மேடம் விஷயம் கேள்விப்பட்டு, யாரையும் கேட்காமல், அக்கா வீட்டுக்கே போய் அந்தப் புது மெஷின் முன்னால் உட்கார்ந்தார். ஏற்பாட்டில் எங்கே தப்பு என்று பார்த்து, உண்மையிலேயே புது சிப்புக்கான ஃபைல் ஒன்றைச் செய்து, அது வாத்தியார் குரலில் பேசுகிறவரைக்கும் அங்கேயே இருந்தார். பேசியது. இப்போது நன்றாகவே பேசுகிறது. ஸ்டோர் ரூமில் கேட்பதற்குத்தான் ஆளில்லை. எங்கள் தளத்தில் இதைப் பற்றி ஒரு வரி போட வேண்டியிருந்தது. எழுதுவது என் வேலை, சொல்வது வந்தாச்சுவின் வேலை. 'சில சிறு மேம்பாடுகள்' என்று போடச் சொன்னார். போட்டேன்.

அன்று மாலையே பிஸ்கட் பொட்டலத்தோடு அக்கா வீட்டுக்குப் போனாராம். "என்ன மாமா, சொன்னபடி வந்தாச்சா?" என்றாராம். வாத்தியார் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு மெல்லத் தட்டெழுதினார். அந்தப் பழைய கனமான குரல் மெஷினிலிருந்து, "சாப்பிட்டுட்டுப் போ" என்றது. மறுநாள் ஆபீசில், "மாமாவுக்கு ரொம்பச் சந்தோஷம்" என்று எங்களிடம் சொன்னார். கேள்வி மேடம் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அந்த மனுஷன் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

நீங்களும் இப்போது கோபமாகத்தான் இருப்பீர்கள். இப்படியும் ஒரு ஆளா, நான் எல்லாம் அந்த ரகம் இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். நல்லது. நீங்கள் கடைசியாக முடித்துக் கொடுத்த வேலை எது? பிள்ளையின் பள்ளிக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பமோ, வாடகைக்கு வந்தவருக்கு மாட்டிக் கொடுத்த கதவோ, அம்மாவுக்கு வாங்கி அனுப்பிய காது மெஷினோ, எதுவாக இருந்தாலும் சரி. அது அங்கே போய் வேலை செய்கிறதா என்று நின்று பார்த்தீர்களா? எதற்குப் பார்க்க வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் அவர்களே சொல்லியிருப்பார்களே என்கிறீர்கள். அன்று ஓட்டல் மாடியில் பேச்சு முடிந்ததும் பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, வெளியிட்ட பிறகு பிரச்சினை ஏதும் வந்ததா என்று கேட்டார். மணி அப்போது பத்தே முக்கால் இருக்கும். வந்தாச்சு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பயன்படுத்தறவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை குறை சொல்லலை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.